குவாதலூப் தீவில் விடுமுறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்குக் கரீபியனில் பிரான்ஸின் கடல்கடந்த மாவட்டமாக விளங்கும் குவாதலூப்புக்கு விடுமுறையில் செல்ல நினைப்பவர்கள், அவர்களிலும் பாரிஸ் வட்டாரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள், பயணத்துக்கு முன் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே தரப்பட்டுள்ளன.

கரீபியனில் எத்தனையோ தீவுகள் இருக்கும்போது குவாதலூப்பை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?

வெண்மணலில் படுத்துக் கிடப்பது மட்டுமே நோக்கம் என்றால் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. அதற்கு இன்னும் எளிதாகச் சென்றடையக்கூடிய தீவுகள் உள்ளன. குவாதலூப்பின் தனித்தன்மை, முற்றிலும் வேறுபட்ட இரண்டு நிலங்கள் ஒரு குறுகிய உப்புநீர்க் கால்வாயின் இருபுறமும் அடுத்தடுத்து அமைந்திருப்பதுதான். மேற்கே உள்ள பாஸ்-தேர், இன்னும் அடங்காத எரிமலையும் மழைக்காடும் அருவிகளும் கொண்ட மலைநிலம். கிழக்கே உள்ள கிராந்த்-தேர், கரும்பு வயல்கள் நிறைந்த சுண்ணாம்புச் சமவெளி. பவளப்பாறைகள் காக்கும் வெண்மணற் கரைகள் அங்கேதான் உள்ளன. கால்வாயைப் பாலங்கள் இணைப்பதால், காலையில் மேகம் சூழ்ந்த மலையுச்சியில் குளிரில் நடுங்கியவர், மாலையில் வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் இறங்கிக் குளிக்கலாம். தெற்கிலும் கிழக்கிலும் உள்ள லே செந்த், மரி-கலாந்த், தெசிராத், பெத்தித்-தேர் ஆகிய சிறு தீவுகள் இதற்கு மேல் கிடைப்பவை.

எந்த மாதங்களில் செல்வது நல்லது?

டிசம்பர் முதல் மே வரை மழை குறைந்த காலம். அதிலும் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்கள் மிக இனிமையானவை. ஜூன் முதல் நவம்பர் வரை மழைக்காலமும் சூறாவளிக் காலமும் ஒன்றாக வருகின்றன. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ஆபத்து உச்சத்தில் இருக்கும். பள்ளி விடுமுறையை முன்னிட்டு ஜூலையில்தான் செல்ல முடியும் என்றால் செல்லலாம். பயணக் காப்பீட்டை மட்டும் தவிர்க்கக் கூடாது. கடல்நீர் ஆண்டு முழுவதும் குளிக்க ஏற்ற வெப்பத்தில் இருக்கும் என்பதால் அதைக் கருதி மாதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஆனால் பொழுது எந்தப் பருவத்திலும் விரைவில் சாய்ந்துவிடும். நவம்பரில் மாலை ஐந்தரைக்கு மேலும், ஜூலையில் ஆறே முக்காலுக்குள்ளும் சூரியன் மறைகிறது. ஐரோப்பியக் கோடைக்காலம் போல் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும் என்று எண்ணித் திட்டமிடுபவர்கள் பாதி நாளை இழப்பார்கள். காலை ஆறு மணிக்கே எழுவது இங்கே ஒழுக்கம் அல்ல, கணக்கு.

எங்கே தங்குவது? வாடகைக் கார் கட்டாயமா?

ஒரே விடுதியில் முழு விடுமுறையையும் கழிக்காமல், தங்கும் நாட்களை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. முதல் பாதியைப் பாஸ்-தேரின் மேற்குக் கரையில் உள்ள தேயே அல்லது பூயாந்த் ஊர்ப்பக்கமும், மறுபாதியைக் கிராந்த்-தேரின் தென்கரையில் உள்ள செந்த்-ஆன் அல்லது சேன்-பிரான்சுவாவிலும் கழிக்கலாம். நடுவில் உள்ள புவாந்த்-அ-பித்ர் நகரத்தைச் சுற்றிக் காலையிலும் மாலையிலும் கடுமையான வாகன நெரிசல் இருப்பதால், நாள்தோறும் அதைக் கடந்து போய்வருவது விடுமுறையாக இராது.

கார் இல்லாமல் இந்தத் தீவைப் பார்ப்பது கடினம். பேருந்துகள் பெரிய ஊர்களை இணைத்தாலும், மலைப்பாதைகள் தொடங்கும் இடங்களுக்குப் பெரும்பாலும் செல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறத்தாழ ஓடுவதே இல்லை. வலப்பக்கமாக ஓட்ட வேண்டும் என்பதையும், இந்திய உரிமம் உள்ளவர்கள் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

எந்தக் கடற்கரையில் குளிக்கலாம்? எல்லாம் ஒரே மாதிரிதானே?

இல்லை. குவாதலூப்பில் கடற்கரையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அது எந்தக் கடலைப் பார்க்கிறது என்று கேட்க வேண்டும். கிழக்குக் கரைகளில் மோதுவது அட்லாண்டிக்; அங்கே காற்றும் அலையும் ஓய்வதில்லை. மேற்குக் கரையில் இருப்பது கரீபியக் கடல். மலைகள் காற்றைத் தடுப்பதால் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். கிராந்த்-தேரின் தென்கரையில் பவளப்பாறைத் திட்டுகள் அலையைத் தொலைவிலேயே உடைத்துவிடுவதால், செந்த்-ஆன் ஊர்க் கடற்கரையில் இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடக்கலாம். சிறு குழந்தைகளுடன் செல்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கரை தீவில் இல்லை. கூட்டமும் அதற்கேற்பவே இருக்கும். அதற்குச் சற்றுக் கிழக்கே உள்ள புவா ழோலான், நீண்ட ஆழமற்ற காயல் என்பதால், பட்டம் பிடித்து அலைமேல் சறுக்கும் கைட்சர்ஃப் விளையாட்டைப் பழகுபவர்கள் அங்கே செல்கிறார்கள்.

தேயேக்கு வடக்கே உள்ள கிராந்த் ஆன்ஸ், பொன்னிற மணலும் பின்னால் பச்சை மலையும் கொண்ட அகன்ற கடற்கரை; அழகில் இதற்கே முதலிடம் தரலாம். ஆனால் இங்கே கரையை ஒட்டியே ஆழம் தொடங்குகிறது. அலை எழும் நாட்களில் குழந்தைகளைத் தனியே விடக் கூடாது. அலை தேவைப்படுபவர்கள், அதாவது பலகைச் சறுக்கு விளையாட்டுக்காரர்கள், அட்லாண்டிக் பக்கம் உள்ள லெ மூல் ஊருக்குச் செல்வார்கள். தீவின் கிழக்கு முனையான புவாந்த் தெ ஷாத்தோவில் பாறைகளும் அவற்றின் மேல் நிற்கும் பெரிய சிலுவையும் அலைகளின் சீற்றமும் காணத்தக்கவை; அங்கே நீரோட்டம் கொடியது, குளிக்க இறங்கவே கூடாது.

2011 முதல் அட்லாண்டிக்கிலிருந்து சர்காசம் என்னும் பழுப்புக் கடற்பாசி பெருமளவில் ஒதுங்கி வருகிறது. அழுகும்போது அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவை வெளியிடுவதால், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அத்தகைய கரைகளை விட்டு விலகியிருக்க வேண்டும். கிழக்கு, தெற்குக் கரைகளையே இது அதிகம் தாக்குகிறது. அந்நாட்களில் மேற்குக் கரை கைகொடுக்கும்.

கடற்கரை மரங்களில் சிவப்பு வண்ணம் பூசியிருப்பது ஏன்?

அது மான்செனியே என்னும் நச்சு மரம். சிறு ஆப்பிள் போன்ற அதன் காயைக் கடித்தால் வாயும் தொண்டையும் வெந்துபோகும். அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம் எழும். மழை பெய்யும்போது அதன் அடியில் ஒதுங்கினால், இலைகளிலிருந்து சொட்டும் நீரே புண்ணாக்கிவிடும். பட்டையில் சிவப்புக் கோடோ வளையமோ கண்டால் விலகிச் செல்லுங்கள். எல்லா மரங்களுக்கும் வண்ணம் பூசப்பட்டிருக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

நன்றாக நீந்தத் தெரியாதவர்கள் கடலடி உலகைப் பார்க்க முடியுமா?

முடியும். பூயாந்த் ஊரை ஒட்டிய மலாந்தூர் கடற்கரைக்கு எதிரே, சுமார் ஒரு கிலோமீட்டர் தொலைவில் பிழோன் என்னும் இரண்டு குறுந்தீவுகள் உள்ளன. கடலாய்வாளர் ழாக் கூஸ்தோ 1950களில் இங்கே முக்குளித்து, இதன் அழகைப் பற்றிப் பேசியதால் இந்த இடம் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. இன்று இது குவாதலூப் தேசியப் பூங்காவின் காப்புப் பகுதி. நீந்தத் தெரியாதவர்களுக்குக் கண்ணாடி அடித்தளம் கொண்ட படகுகள் உண்டு. ஓரளவு நீந்துபவர்கள் மிதப்பு உடையுடன் முகமூடியும் மூச்சுக்குழலும் அணிந்து பவளங்களையும் கிளிமீன்களையும் பார்க்கலாம். காற்றுக் கலனைச் சுமந்து முக்குளிக்க விரும்பும் தொடக்கநிலையாளர்களுக்குக் கரையிலேயே பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள்.

படகுக்கே செலவிட விரும்பாதவர்கள் மலாந்தூர் கரையின் கரிய மணலிலிருந்தே இறங்கலாம். அங்குள்ள கடற்புல் மேடுகளில் பச்சைக் கடலாமைகள் மேய வருகின்றன. காலை ஏழு மணிக்குச் சென்றால் அவற்றைத் தனிமையில் பார்க்கும் வாய்ப்பு அதிகம். ஆமை மூச்சுவிட மேலே வரும்போது வழியை மறிக்காதீர்கள், தொடாதீர்கள், துரத்தாதீர்கள். பவளத்தைக் கெடுக்கும் வேதிப்பொருள் கலந்த வெயில்காப்புக் களிம்புக்குப் பதிலாக, நீண்ட கைகொண்ட நீச்சல் சட்டை அணிவதே மேல்; முதுகு வெந்துபோகாமல் காப்பதும் அதுதான்.

திமிங்கிலங்களைப் பார்க்க முடியுமா?

கூனல்முதுகுத் திமிங்கிலங்கள் குளிர்காலத்தின் இறுதியிலும் வசந்தத்திலும் இனப்பெருக்கத்துக்காக இக்கடலுக்கு வருகின்றன. மேற்குக் கரையிலிருந்து படகுகள் செல்கின்றன. ஆனால் காட்டு விலங்குகள் நேரம் கொடுத்து வருவதில்லை. ஒன்றும் காணாமல் திரும்பும் நாளும் உண்டு என்று குழந்தைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

சூஃப்ரியேர் எரிமலையில் ஏறுவது எவ்வளவு கடினம்?

சிறிய ஆண்டிலிசு என்னும் கிழக்குக் கரீபியத் தீவுத்தொடரிலேயே உயரமான சிகரம் இது. உயரம் 1,467 மீட்டர். ஆனால் சேன்-கிளோத் ஊருக்கு மேலே ஏறத்தாழ 950 மீட்டர் உயரத்தில் உள்ள பேன் ழோன் என்னும் இடம் வரை காரில் செல்ல முடிவதால், நடந்து ஏற வேண்டியது மீதி 500 மீட்டர்தான். சாதாரண உடல்நலம் உள்ளவர்களுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். தொடக்கப் பகுதி காட்டுக்குள் செல்லும் பழைய கல்பாவிய பாதை. அதன்பின் மரங்கள் மறைந்து, பாசியும் புதர்களும் மட்டும் மூடிய வெட்டவெளியில் பாதை குவிமாடத்தைச் சுற்றி ஏறுகிறது. வானம் தெளிந்திருந்தால் லே செந்த் தீவுகளும் தொலைவில் தொமினிக்காவும் தெரியும். தெளிந்திருந்தால் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: உச்சியில் ஆண்டுக்குச் சுமார் 10 மீட்டர் மழை பெய்கிறது. பெரும்பாலான நாட்களில் மேகத்துக்குள் நின்று கந்தகப் புகையை முகர்ந்துவிட்டு இறங்குவதே கிடைக்கும். அதுவும் ஓர் அனுபவம்தான். அதிகாலை ஆறரைக்கு ஏறத் தொடங்குபவர்களுக்கு வானம் திறந்து கிடைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

இது உறங்கிவிட்ட மலை அல்ல. 1976இல் நீராவி வெடிப்புகள் தொடங்கியபோது 70,000க்கும் மேற்பட்ட மக்கள் பல மாதங்கள் ஊர்களைக் காலி செய்துகொண்டு வெளியேற நேர்ந்தது; அஞ்சிய பெருவெடிப்பு இறுதியில் நிகழவில்லை. இன்றும் உச்சியின் ஒரு பகுதி நச்சு வாயுக்களின் காரணமாக வேலியிட்டு மூடப்பட்டுள்ளது. வேலியைத் தாண்டிப் படம் எடுப்பவர்களைப் பின்பற்றாதீர்கள். மழைச்சட்டையும் பிடிப்புள்ள காலணியும் மாற்று உடையும் அவசியம். கடற்கரைச் செருப்புடன் ஏறுபவர்களை அங்கே அடிக்கடி காணலாம், இறங்கும்போது அவர்கள் முகத்தையும் காணலாம்.

இறங்கி வந்ததும் பேன் ழோனில் உள்ள வெதுவெதுப்பான கனிமநீர்த் தொட்டியில் கால் நீட்டி உட்காருவது இவ்வூரார் வழக்கம்.

வெந்நீர் ஊற்றுகளில் குளிப்பது பாதுகாப்பானதா?

ஒரு நிபந்தனையுடன் பாதுகாப்பானது: தலையை முழுக்கக் கூடாது, மூக்குக்குள் நீர் புகக் கூடாது. வெந்நீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கின் வழியாக மூளைக்குச் சென்றால் உயிரைப் பறிக்கும். 2008இல் இத்தீவில் ஒரு குழந்தை அவ்வாறு இறந்தது. அதன் பிறகு ஊற்றுகளில் எச்சரிக்கைப் பலகைகள் வைக்கப்பட்டுள்ளன. கழுத்தளவு நீரில் அமர்ந்திருப்பதே முறை. சேந்த்-ரோஸ் ஊருக்கு மேலே உள்ள சொஃபாயாவில் கந்தக நீர் குழாய்களின் வழியே கொட்டுகிறது. பூயாந்த் பகுதியில் வெந்நீர் நேரே கடலில் கலக்கும் இடங்களும் உண்டு. ஓர் அலை சுடும், மறு அலை குளிரும்.

அருவிகளில் எதைப் பார்ப்பது?

நேரம் குறைவாக இருந்தால், மலையைக் குறுக்கே கடக்கும் திராவெர்சே சாலையில் உள்ள எக்ரவீஸ் அருவிக்குச் செல்லுங்கள். வாகன நிறுத்தத்திலிருந்து சில நிமிட நடை. முதியோரும் செல்லக்கூடிய பாதை. அருவி சிறியதே.

கம்பீரமானவை கபெஸ்தேர்-பெல்-ஓ ஊருக்கு மேலே உள்ள கார்பே அருவிகள். மூன்றில் இரண்டாவது 110 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. காட்டுப் பாதையில் சுமார் இருபது நிமிடம் நடந்தால் பார்வை மேடையை அடையலாம். 115 மீட்டர் உயரமுள்ள முதல் அருவிக்குச் சேறும் வேர்களும் நிறைந்த கடினமான பாதையில் பல மணி நேரம் செல்ல வேண்டும். மேலே பெய்யும் மழை தெரியாமலேயே ஆறு திடீரெனப் பெருகும் என்பதால், நீர் கலங்கத் தொடங்கிய உடனே கரையேறிவிட வேண்டும். பெருமழைக்குப் பின் ஆற்றுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். காலில் புண் உள்ளவர்கள் இறங்க வேண்டாம்.

ஒரே ஒரு சிறு தீவுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் எதற்குச் செல்வது?

பெரும்பாலோருக்கு லே செந்த் என்பதே பதில். திருவா-ரிவியேர் துறையிலிருந்து அரைமணிக்குள் கப்பல் தேர்-தெ-ஓ தீவை அடைகிறது. செங்கூரை வீடுகள் சூழ்ந்த அந்த வளைகுடாவுக்குள் கப்பல் நுழையும் காட்சிக்கே பயணச் சீட்டின் விலை தகும். துறையில் இறங்கியதும் பெண்கள் கூடையில் வைத்து விற்கும் தேங்காய்ப் பூரணப் பலகாரத்தைச் சூட்டோடு வாங்கிவிடுங்கள். நெப்போலியன் கோட்டை பிற்பகலில் மூடப்பட்டிருக்கும் என்பதால் முதலில் அங்கே ஏறிவிட்டு, பிறகு பேன் தெ சூக்ர் என்னும் கருங்கல் குன்றின் அடியில் உள்ள சிறு கரையில் நீந்தலாம். 1782இல் ஆங்கிலேயக் கடற்படை பிரெஞ்சுக் கடற்படையைத் தோற்கடித்த பெரும்போர் இத்தீவுகளுக்கு அருகே நடந்தது. கோட்டை அருங்காட்சியகத்தில் அதன் விவரங்களைக் காணலாம்.

கூட்டம் பிடிக்காதவர்கள் மரி-கலாந்துக்குச் செல்லட்டும். கரும்பும் பழைய காற்றாலைகளும் மாட்டு வண்டிகளும் உள்ள வட்டமான தீவு அது. ஒரு நாளில் அவசரமாகப் பார்ப்பதைவிட ஓர் இரவு தங்குவது நல்லது. இடையிலுள்ள கடல் கொந்தளிப்பானது, குமட்டல் வரும் இயல்புடையவர்கள் மாத்திரையைப் புறப்படும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். பெத்தித்-தேர் குடியிருப்பே இல்லாத இயற்கைக் காப்பிடம். அருகிவரும் ஆண்டிலிசு இக்குவானா அங்கே காலடியில் திரிகிறது. நாளொன்றுக்குச் செல்வோர் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால் சேன்-பிரான்சுவாவிலிருந்து புறப்படும் படகில் முன்பதிவு தேவை.

இரவில் என்ன செய்யலாம்?

விடுதியின் மேடை நிகழ்ச்சியை விட்டுவிட்டு, ஊர் மக்கள் கூடும் லேவோஸ் என்னும் முழவிசை இரவு எங்கே நடக்கிறது என்று விசாரியுங்கள். அடிமைத்தனத்தின் காலத்தில் பிறந்த குவோ கா என்னும் பறையிசை, 2014இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. பூலா என்னும் முழவுகள் தாளத்தை நிலையாகப் பிடிக்க, மார்க்கே என்னும் சிறிய முழவு வட்டத்துக்குள் ஆடுபவரின் காலசைவைப் பார்த்து அதற்கேற்ப ஒலிக்கிறது. ஆடுபவர் தாளத்துக்கு ஆடுவதில்லை, தாளம் ஆடுபவரைப் பின்தொடர்கிறது என்பதைக் கவனித்தால் அந்த இரவின் சுவை புரியும். பாடகரின் அடிக்குக் கூட்டம் எதிரடி பாடும். நீங்களும் சேர்ந்து பாடலாம். வட்டத்துக்குள் இறங்குவதற்கு மட்டும் சற்றுப் பொறுங்கள்.

ஜனவரித் தொடக்கம் முதல் சாம்பல் புதன் வரை திருவிழாக் காலம். ஞாயிறுதோறும் ஊர்வலங்கள் நடக்கும். இறுதி நாளில் வாவால் என்னும் பெரிய உருவபொம்மையை எரித்து விழாவை முடிப்பார்கள். ஆகஸ்டில் சென்றால், புவாந்த்-அ-பித்ரில் சமையற்காரப் பெண்கள் மரபு உடையில் உணவுக் கூடைகளைச் சுமந்து பேராலயத்துக்குச் செல்லும் விழாவைக் காணலாம்.

அங்கே தமிழ்க் கோயில்கள் இருப்பது உண்மையா?

உண்மை. 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்காக இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கொண்டுவரப்பட்டனர். 1854 டிசம்பரில் ஒரேலி என்னும் முதல் கப்பல் வந்தது. 1889 வரை 40,000க்கும் மேற்பட்டோர் வந்திறங்கினர். புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் கப்பலேறிய தமிழர்கள் அவர்களில் மிகப் பலர். தமிழ் அன்றாடப் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. ஆனால் மாரியம்மனும் மதுரை வீரனும் மறையவில்லை. கபெஸ்தேர்-பெல்-ஓ அருகே ஷாங்ஜியில் சாலையோரத்திலேயே வண்ணக் கோபுரத்துடன் நிற்கும் கோயிலுக்குச் செல்லுங்கள். ராமசாமி, முத்துசாமி போன்ற பெயர்களைக் கடைப் பலகைகளிலும் காணலாம். இதே ஊரில் பிறந்த ஹென்றி சிதம்பரம், இந்திய வழியினருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் கேட்டு 1904இல் தொடங்கிய வழக்காடல் 1923இல்தான் வெற்றி கண்டது.

கோயிலைச் சுற்றுலாத் தலமாகக் கருதாமல், காலணியைக் கழற்றி, பூசை நடந்தால் அனுமதி கேட்டு உள்ளே செல்லுங்கள். ஆட்டுக்கிடாய் பலியிடும் சடங்குகள் இன்னும் உண்டு. அதைக் காண விரும்பாதவர்கள் விசாரித்துக்கொண்டு செல்வது நல்லது.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் தேட வேண்டும். கொலோம்போ என்னும் மசாலாக் குழம்பு இங்கே எல்லார் வீட்டு உணவு; கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம் அரைத்த அந்தப் பொடி தமிழ் நாவுக்கு உடனே பழகிவிடும். வழக்கமாக ஆட்டிறைச்சியிலோ கோழியிலோ செய்வார்கள். காய்கறியில் கேட்டால் சில கடைகளில் செய்து தருவார்கள். அக்ரா என்னும் வடை பெரும்பாலும் உப்பிட்ட காட் மீன் கலந்தது, பூசணிக்காயில் செய்ததும் உண்டு, கேட்டு வாங்குங்கள். எண்ணெயில் பொரித்த பொக்கித் ரொட்டிக்குள் முட்டையும் பாலாடைக் கட்டியும் வைத்துத் தருவார்கள். சௌசௌ, ஈரப்பலா, வாழைக்காய், வள்ளிக்கிழங்கு எல்லாம் சந்தையில் கிடைப்பதால், சமையலறை உள்ள வீட்டை வாடகைக்கு எடுப்பவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. தெருவோரத்தில் கையால் சுழற்றிச் செய்யும் தேங்காய்ப் பனிக்கூழை விட்டுவிடாதீர்கள்.

மழை நாளில் எங்கே செல்வது?

புவாந்த்-அ-பித்ர் துறைமுகத்தில், பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் 2015இல் திறக்கப்பட்ட மெமோரியால் ஆக்த், அடிமை வணிகத்தின் வரலாற்றைச் சொல்லும் பெரிய காட்சியகம். அரை நாள் ஒதுக்குங்கள். புறப்படும் முன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரம் ஆலைகளும் மழைக்கு ஏற்றவை: கரும்புச் சாற்றிலிருந்தே நேராகக் காய்ச்சும் முறையைப் பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையே, அறுவடைக் காலத்தில் பார்க்கலாம். மரி-கலாந்தின் ரம் 59 விழுக்காடு சாராயம் கொண்டது. ருசி பார்ப்பவர் கார் ஓட்டக் கூடாது.

விசா, மொழி, பணம் பற்றி என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

பணம் யூரோ, மொழி பிரெஞ்சும் கிரெயோலும். ஆங்கிலம் பெரிய விடுதிகளுக்கு வெளியே அதிகம் பயன்படாது. கடைக்குள் நுழைந்ததும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் கேள்வி கேட்க வேண்டும். சொல்லாமல் கேட்பவருக்குப் பதில் தாமதமாகவே வரும். குழாய்நீர் சில ஊர்களில் அடிக்கடி தடைபடுவதால், தங்குமிடத்தில் நீர்த்தொட்டி உண்டா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

பிரான்ஸில் குடியுரிமை உள்ளவர்களுக்கு இது உள்நாட்டுப் பயணம் போன்றதே. பாரிஸிலிருந்து எட்டு முதல் ஒன்பது மணி நேரம். இந்தியக் கடவுச்சீட்டுடன் செல்பவர்கள், குவாதலூப் ஷெங்கன் எல்லைக்கு வெளியே உள்ளது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சாதாரண ஷெங்கன் விசாவை மட்டும் நம்பிச் சீட்டு வாங்கிவிடாமல், கடல்கடந்த மாவட்டங்களுக்கும் செல்லுபடியாகும் அனுமதி குறித்துப் பிரெஞ்சுத் தூதரகத்தில் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பாரிஸில் ஷார்ல் தெ கோல் நிலையத்தில் இறங்கி ஓர்லி நிலையத்திலிருந்து புறப்படும் விமானத்தைப் பிடிப்பதாக இருந்தால், நகரத்தைக் கடக்க ஷெங்கன் விசாவும் வேண்டும். பெட்டிகளையும் நீங்களே எடுத்துச் செல்ல வேண்டியிருக்கும் என்பதால், இடையில் ஓர் இரவு தங்குவதாகவே திட்டமிடுங்கள்.